டஸ்டரா, ஸ்கார்ப்பியோவா: விடை டயரில் இருக்கிறது

நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் கார் ஒன்றைக் குடும்பத்துக்காக வாங்கப்போவதாக யாராவது என்னிடம் யோசனை கேட்டால், மைலேஜ், இருக்கை, விலை எதையும் பேசுவதற்கு முன் நான் கேட்பது ஒன்றைத்தான்: ஒரு டயர் கிழிந்தால் நான்கு டயருக்குப் பணம் எடுத்துவைக்க மனம் வருமா? வரும் என்றால் ரெனோ டஸ்டரில் நான்கு சக்கரமும் இழுக்கும் வகையான ஏ.டபிள்யூ.டி.யைப் பார்க்கச் சொல்வேன். வராது என்றால் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ ஃபோர் வீல். நான் பேசும் இந்த டீசல் மாடல்கள் இரண்டுமே பழைய வண்டிச் சந்தையில்தான் கிடைக்கும். நான் டஸ்டர்காரன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது.

நாங்கள் இருப்பது கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகும் வழியில். தார்ச் சாலையை விட்டுப் பிரிந்து, தேயிலைத் தோட்டத்துக்குள் முக்கால் கிலோமீட்டர் மண் பாதையில் இறங்கினால் வீடு. வெயில் காலத்தில் எந்தக் காரும் வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்தச் செம்மண், எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். முன் சக்கரம் மட்டும் இழுக்கும் காரில் ஏற்றம் ஏறும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. இழுக்க வேண்டிய முன் சக்கரம் இலேசாகி, நின்ற இடத்திலேயே சுற்றும். எங்களிடம் முதலில் இருந்த சிறிய கார் மழை நாட்களில் மேலே சாலையோரத்திலேயே நிற்கும். மாமியாருக்கு முழங்கால் வலி வந்த பிறகு அவரைக் குடை பிடித்து அந்த ஏற்றத்தில் நடக்கவைக்க முடியவில்லை. 2009 நவம்பரில் இங்கிருந்து அதிக தூரமில்லாத கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். இங்கே நான்கு சக்கர இழுவை ஆடம்பரம் இல்லை.

2019 கடைசியில் தேடத் தொடங்கினேன். 2016 மாடல் டஸ்டர் ஒன்று 48,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் கோவையில் கிடைத்தது. அதே சமயத்தில் மஞ்சூர் பக்கம் இருக்கும் என் மைத்துனர் 2015 ஸ்கார்ப்பியோ எஸ்10 ஃபோர் வீல் வாங்கினார். அவர் வண்டியை நான் மொத்தத்தில் இரண்டு மாதம் ஓட்டியிருப்பேன். ஸ்கார்ப்பியோவைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

புதிதாக ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். புதிய ஃபோர் வீல் வண்டிக்குப் பெரிய தொகை வேண்டும். பணம் ஒரு பக்கம். 2020 ஏப்ரலில் கட்டாயமாகவிருந்த பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர, இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஓரளவு சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், மருந்துக்கடை, சந்தை என்று நான்கு கிலோமீட்டர் போய்த் திரும்பும் மலைவாசிக்கு அது ஒத்துவருமா என்று யோசித்தேன். வாரம் ஒருமுறை சமவெளிக்கு இறங்குபவருக்குக் கவலை இல்லை. நான் அதற்கு முந்தைய பி.எஸ். 4 போதும் என்று முடிவு செய்தேன். டஸ்டரிலும் பழைய ஸ்கார்ப்பியோவிலும் இந்தத் தொல்லை இல்லை.

ஐந்து பேருக்கு மேல் உள்ள குடும்பம் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டஸ்டரில் ஐந்து இருக்கை, அவ்வளவுதான். உயரம், கம்பீரம், நிமிர்ந்து உட்காரும் தோரணை எல்லாம் ஸ்கார்ப்பியோ பக்கம். வளைவில் ஆடாமல் போவது டஸ்டர். மலையில் எனக்கு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைக்கிறது, மைத்துனருக்கு 11. இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

நான்கு சக்கரமும் எப்படி இழுக்கின்றன என்பதில்தான் இரண்டும் வேறு வேறு பிறவிகள். ஸ்கார்ப்பியோவில் அது நாம் கேட்டால் மட்டும் கிடைக்கும். சாதாரணமாகப் பின் சக்கரம்தான் இழுக்கும். குமிழைத் திருப்பினால் முன் அச்சும் சேர்ந்துகொள்ளும். இன்னொரு திருப்பில், வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்தால், மெதுவாக ஆனால் அதிக விசையோடு இழுக்கும் லோ கியர் விழும். அதன் பிறகு ஆட்டுப்பாதையிலும் ஏறும் என்று மைத்துனர் பெருமைப்படுவதில் பொய் இல்லை. டஸ்டரில் மூன்று நிலைகள்: டூ வீல், ஆட்டோ, லாக். ஆட்டோவில் விட்டுவிட்டால், முன் சக்கரம் வழுக்கும் அந்த நொடியில் மின்காந்தத்தால் இறுகும் ஒரு கப்ளிங் பின் சக்கரத்துக்கும் விசையை அனுப்பும். லோ கியர் கிடையாது. அதற்குப் பதிலாக முதல் கியரையே மிகத் தாழ்வாக அமைத்திருக்கிறார்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் இருக்கும்போது வண்டி மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கும் குறைவாக ஊரும், ஆள் கூடவே நடந்து வரலாம்.

ஸ்கார்ப்பியோவின் முறையில் உள்ள கண்ணியை நான் கோத்தகிரி கடைவீதிக்கு முந்தைய வளைவில் தெரிந்துகொண்டேன். மண் பாதையில் ஃபோர் வீல் போட்டு ஏறி, தார்ச் சாலையில் வந்ததும் குமிழைத் திருப்ப மறந்துவிட்டேன். நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்ததும் யாரோ கீழே இருந்து முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது போல் வண்டி விக்கியது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ள நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு இல்லை. சேற்றில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாமல் முழு முறுக்கும் பற்சக்கரத்தில் ஏறும். பிழை வண்டியுடையது அல்ல, என்னுடையது. ஆனால் எங்கள் வீட்டில் மூன்று பேர் ஓட்டுகிறோம். மனைவி காலையில் பள்ளிக்கு அவசரமாகக் கிளம்புவார், மகள் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய வண்டி எங்களுக்கு ஒத்துவராது. டஸ்டரை ஆட்டோவில் விட்டுவிட்டால் அவர்கள் அந்தக் குமிழை மறந்தே விடலாம்.

(இறக்கத்தில் பிரேக் பிடிப்பதில் இந்த இரண்டும் எந்தக் காரையும்விடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும்தான். ஃபோர் வீல் இருக்கிறது என்ற தைரியத்தில் மழையில் வேகமாக இறங்கி வருபவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.)

இனி டயர். 2021 மழைக்காலத்தில் முன்பக்க டயர் ஒன்றைக் கூரான கல் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. சமவெளியில் ஒரு டயர் கடையில், "ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால் இழுக்கும், முன்னால் ஜோடியாக மாற்றிவிடுங்கள் சார்" என்றார்கள். சாதாரணக் காருக்கு நியாயமான யோசனைதான், நானும் தலையாட்டினேன். இரண்டு வாரம் கழித்து, மழை இரவில், வீட்டு ஏற்றத்தில் பாதியில் முன் சக்கரம் சுற்றத் தொடங்கியது. டாஷ்போர்டில் ஃபோர் வீல் எச்சரிக்கை விளக்கு. வண்டி தானாகவே டூ வீலுக்குப் போய்விட்டிருந்தது. ஒரு பட்டறையில் கப்ளிங் போய்விட்டது, ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

வண்டியின் கையேட்டை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். முன் அச்சிலும் பின் அச்சிலும் டயர் அளவு வேறுபட்டால் வண்டி அதைக் கண்டுபிடித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள டூ வீலுக்கு மாறிவிடும் என்று அதில் இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே 215/65 ஆர்16 டயர், அளவு எப்படி வேறுபடும்? பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். புது டயரில் பட்டன் ஆழம், அதாவது தரையில் படும் பகுதியின் பள்ளம், 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பின்னால் இருந்த என் பழைய டயரில் 4 மி.மீ. மிச்சம். ஆரத்தில் நான்கு மில்லிமீட்டர் குறைந்தால் சுற்றளவில் 25 மி.மீ. குறையும். புது டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 464 முறை சுற்றும், தேய்ந்தது 469 அல்லது 470 முறை. ஐந்தாறு சுற்றுதானே என்று தோன்றும். கோத்தகிரியிலிருந்து கோவைக்கு 70 கிலோமீட்டர் என்றால் முன்னும் பின்னும் 380 சுற்று முரண்படுகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் வேக வித்தியாசம் என்றால் வழுக்கல் என்று புரிந்துகொள்ளும்படிதான் அந்த மின்னணு மூளை படைக்கப்பட்டிருக்கிறது. வழுக்காத சாலையில் வழுக்குவதாக நினைத்துக் கப்ளிங் இறுகிக்கொண்டே இருந்தால் சூடேறாமல் என்ன செய்யும்?

பின்னால் இரண்டு புது டயர் போட்டேன். விளக்கு அணைந்துவிட்டது. கப்ளிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றுவரை அதே கப்ளிங்தான். மிச்சமிருந்த பாதித் தேய்ந்த இரண்டு டயரையும் வந்த விலைக்குக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து டயர் விஷயத்தில் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டேன். டஸ்டர் பெரும்பாலான நேரம் முன் சக்கரத்தால் இழுப்பதால் முன் டயர்தான் வேகமாகத் தேயும். 7,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுகிறேன், ஸ்டெப்னியையும் வரிசையில் சேர்த்து. ஐந்தும் ஒன்றாகத் தேய்ந்தால், ஒன்று கிழிந்தாலும் அதற்கு ஜோடியான தேய்மானத்தில் ஒன்று கையில் இருக்கும். காற்றழுத்தமும் நான்கிலும் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும், காற்று குறைந்த டயர் சுற்றளவும் குறைந்த டயர்தான். புது டயர் வரும்வரை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் குமிழை டூ வீலில் வைத்து ஓட்டுவேன்.

ஸ்கார்ப்பியோ இந்த வம்பிலிருந்து விடுதலை. டூ வீலில் ஓடும்போது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தொடர்பில்லை. சேற்றில் சேர்ந்தாலும் வித்தியாசம் வழுக்கலில் போய்விடும். ஜோடி ஜோடியாக மாற்றலாம். அதற்கென்று ஒரு வேண்டுதல் உண்டு: மாதம் ஒருமுறையாவது மண் தரையில் ஃபோர் வீலையும் லோவையும் போட்டு எடுக்க வேண்டும். வருடக்கணக்கில் தொடாமல் வைத்த எந்த இயந்திரமும் அவசரத்துக்கு உதவாது.

மற்ற பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டஸ்டரின் 1.5 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினே போகும். நான் 95,000 கிலோமீட்டரில் பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டையும் சேர்த்து மாற்றினேன். ஸ்கார்ப்பியோவின் 2.2 லிட்டர் எம்ஹாக் இன்ஜினில் செயின், அந்தச் செலவு இல்லை. பின் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் விசையைப் பின்னுக்கு அனுப்பும் பெட்டியின் எண்ணெயையும் சர்வீஸ் சீட்டில் எழுதிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். இரண்டு வண்டிக்கும் இது பொருந்தும்.

உதிரி பாகத்தில் ஸ்கார்ப்பியோவுக்கு முழு மதிப்பெண். குக்கிராமத்துப் பட்டறையிலும் அதைத் திறந்து பார்த்த கை இருக்கிறது. ரெனோ 2020இல் இந்தியாவில் டீசலையே கைவிட்டது, 2022இல் இந்தத் தலைமுறை டஸ்டரையும் நிறுத்தியது. இருந்தாலும் என் இன்ஜினுக்குப் பயமில்லை. நிசான் டெரானோ, சன்னி மட்டுமல்ல, மஹிந்திராவின் வெரிட்டோவிலும் ஓடிய அதே இன்ஜின் குடும்பம் அது. பின் அச்சு, கப்ளிங், நடுவில் ஓடும் தண்டு ஆகியவை ஏ.டபிள்யூ.டி.க்கு மட்டுமே உரியவை. டெரானோவில்கூட அவை கிடையாது. இன்னும் ஐந்து வருடம் கழித்து அவை எளிதில் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

மறுவிற்பனையில் ஸ்கார்ப்பியோவே மேல். டஸ்டர் ஏ.டபிள்யூ.டி.க்கு வாங்க வருபவர்கள் குறைவு, வருபவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். டீசல் காருக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்று பயமுறுத்தி விலை குறைக்கப் பார்ப்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். அது டெல்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் வந்த கட்டுப்பாடு. இங்கே பதினைந்து வருடம் முடிந்தால் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம்.

பழைய டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. பார்க்கப் போனால் பானெட்டைத் திறப்பதற்கு முன் குனிந்து டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. நான்கிலும் கம்பெனி ஒன்றா, தேதி பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா, பட்டன் ஆழம் ஒத்துப்போகிறதா? இரண்டு புதிது, இரண்டு மொட்டை என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

இதை மைத்துனரிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே தன் ஸ்கார்ப்பியோவைச் சுற்றிக் காட்டினார். நான்கு சக்கரத்தில் மூன்று கம்பெனி டயர். "இதுவும் ஓடத்தானே செய்கிறது மச்சான்" என்றார். ஓடத்தான் செய்கிறது.