கையில் ஒட்டிய சென்சாரோடு இரண்டு வருடம்

எனக்குச் சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது. முதலில் மாத்திரை மட்டும், இப்போது நாலு வருடமாக ராத்திரி ஓர் இன்சுலின் ஊசியும் சேர்ந்துவிட்டது. வீடு மும்பை செம்பூரில், வேலை ஃபோர்ட் பக்கம், தினமும் ஹார்பர் லைன் ரயில். மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் குளுக்கோஸ் சென்சாரை இரண்டு வருடமாக விட்டு விட்டுப் போட்டு வருகிறேன், இதுவரை 15 ஆகியிருக்கிறது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும்.

நான் வாங்கியதற்குக் காரணம் தலைவலி. காலையில் எழுந்தால் தலை கனக்கும், தலையணை நனைந்திருக்கும். மே மாதத்து மும்பையில் யாருக்குத்தான் வேர்க்காது என்று விட்டுவிட்டேன். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 7.2, "நல்லாத்தானே இருக்கு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அது கிட்டத்தட்ட மூன்று மாதத்து ரத்தச் சர்க்கரையின் சராசரி, பகலில் ஏறுவதும் ராத்திரி இறங்குவதும் ஒன்றையொன்று ஈடுகட்டி எண் அழகாக வந்துவிடும். சென்சார் போட்ட மூன்றாம் நாள் காலையில் அதன் பக்கத்தில் போனை வைத்துப் பார்த்தால், போனில் வரும் சர்க்கரைக் கோடு ராத்திரி இரண்டரை மணிக்கு மேல் 70-க்குக் கீழே போய், நாலு மணி வரை 58, 60 என்றே கிடக்கிறது. அடுத்த ராத்திரி அலாரம் வைத்து எழுந்து விரல் குத்திப் பார்த்தேன், 61. படத்தைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன், இன்சுலின் அளவைக் குறைத்தார். இரண்டு வாரத்தில் தலைவலி போய்விட்டது. எத்தனை மாதம் தூக்கத்தில் அப்படிக் கிடந்தேனோ, நினைத்தால் இன்னும் பதறுகிறது.

அதே சென்சார் பொய்யும் காட்டும், இதைத் தெரிந்துகொள்ளாமல் போடாதீர்கள். அந்தக் கையை அமுக்கிப் படுத்தால் அங்கே குளுக்கோஸ் குறைந்த மாதிரி காட்டும். ஒரு ராத்திரி 49 என்று வந்ததும் வீட்டுக்காரர் சர்க்கரைத் தண்ணீர் கலக்க ஓடினார், எனக்கோ நடுக்கமோ வேர்வையோ எதுவும் இல்லை. விரல் குத்தினால் 112. நான் கவனித்த வரையில் அமுக்கினதால் வருவது சட்டென்று செங்குத்தாக விழும், புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் ஏறிவிடும். நிஜமான லோ, அதாவது சர்க்கரை உண்மையிலேயே குறைவது, மெதுவாகச் சரியும். ஆனாலும் கோட்டை நம்பி விட்டுவிடாதீர்கள், பழைய குளுக்கோமீட்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, சென்சார் அளப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கு அடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரை. அதனால் ரத்தத்தில் நடப்பது அங்கே தெரிய ஐந்து, பத்து நிமிடம் பிந்தும். லோ ஆனால் 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸோ சர்க்கரையோ எடுத்து 15 நிமிடம் பொறுக்கச் சொல்வார்கள் அல்லவா, அந்தப் பதினைந்து நிமிடத்தில் போனைப் பார்த்தால் இன்னும் குறைவாகவே இருக்கும். நான் பயந்துபோய் மேலே இரண்டு லட்டு சாப்பிட்டு 270 வரைக்கும் போயிருக்கிறேன். இப்போது அந்த நேரத்தில் விரல்தான் குத்துகிறேன்.

சாப்பாட்டில்தான் பெரிய ஆச்சரியம். எங்கள் அத்தை சர்க்கரைக்கு நல்லது என்று வருடக்கணக்காகக் காலையில் ராகிக் கஞ்சி காய்ச்சித் தருவார். நைசாக அரைத்த மாவு, குழைய வெந்தது, குடித்து ஒரு மணி நேரத்தில் 246! அதே ராகியை அடையாகத் தட்டி முருங்கைக்கீரை போட்டுச் சாப்பிட்டால் 180 பக்கமே நிற்கிறது. அத்தையிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளும் நானாம்மா உனக்கு ஏத்திவிட்டேன்" என்று கேட்டார், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து அடைதான். இட்லியை விடவில்லை, நாலை மூன்றாக்கி அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சுண்டல். ராத்திரி சாப்பிட்டதும் சேடா நகர் முருகன் கோயில் வரை நடந்துவிட்டு வந்தால் கோடு படுத்துவிடுகிறது. இதெல்லாம் என் உடம்புக்கு, உங்களுக்கு வேறாக இருக்கலாம். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒட்டுவது சுலபம். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், என் மகள்தான் அழுத்திவிடுவாள். அதை ஒட்டவைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. ஜூலை மாதம் குர்லாவில் ஏறிய கூட்டத்தில் யாருடைய பை வாரோ மாட்டி, ஆறாம் நாளே பிய்ந்து கையோடு வந்தது. கிட்டத்தட்ட ஐந்தாயிரம் ரூபாய். இப்போது எண்ணெய், லோஷன் எதுவும் தடவாமல், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிட்டு ஒட்டி, மேலே ஒரு துணி பிளாஸ்டர் போடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம்தான் போடுவது, ஏனென்றால் எனக்கு முதல் நாள் எண்கள் தாறுமாறாக இருக்கும், ஞாயிறு வீட்டில் இருக்கும்போதே அது சரியாகிவிடும்.

செலவால் மாதம் இரண்டு போட எனக்கு வசதி இல்லை. மருந்து மாறும்போது அடுத்தடுத்து இரண்டு, மற்ற நேரம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. 70-லிருந்து 180-க்குள் இருக்கும் நேரம் 70 சதவீதமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆரம்பத்தில் 57 இருந்தேன், போன தடவை 74.

முதல் மாதம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை போனை வைத்துப் பார்த்து, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அழுதிருக்கிறேன். அது வேண்டாம். என்னுடையது போனைக் காட்டினால்தான் படிக்கும் வகை, எட்டு மணி நேரத்துக்கு மேல் விட்டால் நடுவில் உள்ள பதிவு போய்விடும், அதனால் எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், படுக்கும்போதும் பார்த்தால் போதும். எண்ணைவிடப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். 110 என்று நேராக நிற்பதும் 110 என்று கீழே போய்க்கொண்டிருப்பதும் ஒன்றில்லை, முக்கியமாக ஊசி போடுகிறவர்களுக்கு.

திருநெல்வேலியில் தனியாக இருக்கும் என் அண்ணனுக்கும் போன மாதம் ஒன்று வாங்கி அனுப்பினேன், அவர் பார்ப்பது என் போனுக்கும் வரும். நேற்று ராத்திரி பத்து மணிக்கு 94, அம்பு கீழ்நோக்கி. உடனே கூப்பிட்டேன். "தூங்கப் போறேன், எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்றார். "அண்ணே, விரல் குத்திப் பாத்துட்டு ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டுப் படுங்க" என்றேன். குத்தினார், 79. பால் காய்கிற சத்தம் கேட்கும் வரை போனை வைக்கவில்லை.