நல்ல மரத்தை வெட்டிக்கொண்டு போனார்கள், விழப்போகிற மரத்தை விட்டுவிட்டுப் போனார்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டைச் சுற்றி மரம் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்திலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். ஐப்பசி பிறந்து மழை பிடிக்கிற நேரத்தில் டெம்போவோடு மரம் வெட்ட ஊருக்குள் வருகிறவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. முன்னால் பாட்டா (தாத்தா) நட்ட ஓர் அயனி, அதாவது அயனிப்பலா, அடுக்களைக்குப் பின்னால் ஒரு மாமரம், கிணற்றுப் பக்கம் ஒரு சக்கை (பலா) மரம். அம்மா மட்டும்தான் அங்கே. நான் வேலை பார்ப்பது திருவனந்தபுரத்தில், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவேன். போன வருஷம் ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, மூன்று பேர் கதவைத் தட்டியிருக்கிறார்கள். மேஸ்திரி மாதிரி இருந்தவர் அயனியைச் சுற்றிவந்து, தலையை ஆட்டி, “அம்மா, இது இந்தக் கார்த்திகை தாண்டாது, பாத்துக்கிடுங்க. ஒக்கி மாதிரி ஒரு காத்து அடிச்சா நேரே உங்க கட்டிலுக்கு மேலதான்” என்றாராம்.

அந்த ஒரு வார்த்தை போதும். ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30 எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. ரப்பர் தோட்டங்கள் சாய்ந்து கிடந்ததையும், மின்கம்பங்கள் ஒடிந்து ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததையும் பார்த்த எந்த அம்மாவுக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் கை நடுங்கும். அது தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். அம்மா எனக்குப் போன் செய்தார். நான் வேலை நடுவில் இருந்தேன். “சரிம்மா, ஆபத்துன்னா வெட்டிரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டேன். ஒரு போட்டோகூட அனுப்பச் சொல்லவில்லை. அது என் தப்பு.

பேச்சு இப்படி: அயனிக்குக் கூலி வேண்டாம், தடி, அதாவது வெட்டிய மரம், அவர்களுக்கு. மாமரத்தைக் ‘கழித்துப் பாதுகாப்பாக்க’ 4,000 ரூபாய், முன்பணமாக. எழுத்தில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை நான் வந்து பார்த்தபோது அயனியின் மூட்டிலிருந்து, அதாவது தரையை ஒட்டிய அடிமரத்திலிருந்து, இன்னும் பால் கசிந்துகொண்டிருந்தது. குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் வைரம் பாய்ந்த மரம், நடுவில் ஒரு சிறு பொந்து கிடையாது, ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. சாய்வும் இருந்ததில்லை. இன்னும் ஐம்பது வருஷம் நின்றிருக்கும்.

தடி கிடந்த இடத்தில் மண் அழுந்திய தடம் 15 அடி நீளம். வெட்டிய மூட்டின் சுற்றளவு 78 அங்குலம், மேலே போகப் போகக் குறையும் என்பதால் நடுவில் 72 என்று வைத்துக்கொண்டேன். மில்லில் கணக்குப் போடுவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுக்கணும், 18 வரும். அதை அதாலேயே பெருக்கினால் 324. அதை நீளம் 15 அடியால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 33.75. ஏறக்குறைய 34 கன அடி, ஒரே தடியில். கிளைத்தடி தனி. கதவு, ஜன்னல், உத்திரம் என்று எங்கள் ஊரில் அயனிக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். மில்லில் அன்றைய விலையைக் கேட்டேன். மூன்று பேருக்கு ஒரு நாள் கூலியைக் கழித்தாலும் அந்தத் தொகை எங்கேயோ நின்றது.

பணம் போனதை விடுங்கள். அதற்காக மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மாமரத்தை அவர்கள் கழித்த விதத்தைக் கேளுங்கள். கிழக்கே வெறும் முற்றம், வெட்டினால் தானே விழும். அந்தப் பக்கக் கிளைகளை எல்லாம் மொட்டையாக வெட்டித் தள்ளியிருந்தார்கள். மேற்கே ஓட்டுக்கு மேல் கிடந்த கனமான கிளைகளை ஒன்றும் செய்யவில்லை. அதை வெட்ட ஆள் மேலே ஏறி, வடம் கட்டி, துண்டு துண்டாக இறக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. ஆக மரத்தின் பாரம் முழுவதும் வீட்டுப் பக்கம் ஆகிவிட்டது. பாதி வெட்டிய ஒரு கொப்பு வேறு கவட்டையில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் காற்றை முதலில் வாங்கிக்கொண்டு நின்ற அயனியும் இப்போது இல்லை. ஒன்றுக்கொன்று மறைவில் வளர்ந்த மரங்களில் ஒன்றைத் திடீரென்று எடுத்தால், மற்றது பழக்கமில்லாத காற்றுக்கு முன்னால் தனியாக நிற்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் மூட்டில் இருந்தது. தரையை ஒட்டி, பட்டையிலிருந்து காது மாதிரி நீட்டிக்கொண்டு இரண்டு காளான், மேலே பழுப்பு, ஓரம் வெள்ளை, கல் மாதிரிக் கெட்டி. அம்மா அதை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறார், மழைக்கு வருவது என்று நினைத்திருக்கிறார். மரத்து மூட்டில் அப்படிக் காளான் பிடித்தால் உள்ளே தண்டோ வேரோ அழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இலை பச்சையாக இருக்கும், காயும் காய்க்கும், நிற்க மட்டும் பலம் இருக்காது. குடையின் கம்பி முனையை அங்கே குத்தினேன். ஒரு சாண் உள்ளே போனது.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் “வாறேன் வாறேன்” என்றார், அப்புறம் எடுக்கவே இல்லை. வேறு ஆள் தேடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் ராத்திரி மரம் வேரோடு அடுக்களை மேல் சாய்ந்தது. அம்மா முன்னறையில் படுத்திருந்ததால் பிழைத்தார். அடுக்களை ஓடு மொத்தமும் போனது. சர்வீஸ் வயரையும் இழுத்துக்கொண்டு விழுந்ததால், வயர் தண்ணீர் நின்ற முற்றத்தில் கிடந்தது. அம்மா டார்ச்சோடு செருப்பில்லாமல் வெளியே இறங்கப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு மைனி மட்டும் “அத்தை, இறங்காதிய, வயரு கெடக்கு!” என்று சத்தம் போடாவிட்டால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வராது.

விடியற்காலை நான் வந்து வேரைப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டிய பக்கத்தில், வேர்கள் எல்லாம் கத்தியால் வெட்டியதுபோல மொட்டையாக, நுனி கறுத்துக் கிடந்தன. தண்டின் உள்ளே ஈரமான காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. வேர் வெட்டுப்பட்ட மரம், மூட்டில் காளான், ஊறிப்போன மண், ஒருபக்கப் பாரம், எல்லாம் ஒரே மரத்தில். மரம் தெரிந்த யாரும் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். அந்த மேஸ்திரியும் கண்டிருப்பார் என்றுதான் நம்புகிறேன். அழுகின மரத்தில் தடி கிடைக்காது, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே, தடிக்காக வருகிறவரிடம் எந்த மரம் ஆபத்து என்று கேட்காதீர்கள். நீங்களே புரட்டாசியிலேயே சுற்றிப் பாருங்கள். மூட்டில் காளான், பொந்து, பட்டை வெடிப்பு இருக்கிறதா? வெட்டுகத்தியின் பின்புறத்தால் தட்டினால் பானையைத் தட்டுவதுபோல் சத்தம் வருகிறதா? சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் புடைத்து வெடித்திருக்கிறதா? பல வருஷமாகச் சாய்ந்தே வளர்ந்த மரத்துக்குப் பெரும்பாலும் பயப்பட வேண்டாம், இந்த மழையில் புதிதாகச் சாய்ந்ததுதான் உயிருக்கு உலை. தென்னையில் தண்டில் ஓட்டை விழுந்து செம்பழுப்பாக நீர் வடிந்தால் செவ்வண்டு உள்ளே இருக்கிறது. மண்டை போன தென்னையை வீட்டுப் பக்கம் நிற்க விடாதீர்கள்.

மரம் வெட்ட ஆளை விடுவதென்றால் ஒரு பேப்பரில் எழுதி வாங்குங்கள். எந்த மரம், எந்தப் பக்கக் கிளை, வடம் கட்டி இறக்குவார்களா, ஓடு உடைந்தால் யார் பொறுப்பு, கொப்பும் சருகும் யார் அள்ளுவது. தடியின் விலையும் வெட்டுக்கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். ‘கூலிக்குத் தடி சரி’ என்று பேசினாலே நிறுத்திவிடுங்கள். முழுப் பணமும் வேலை முடிந்த பிறகுதான். கனமான கிளையை முதலில் அடியில் கொஞ்சம் அறுத்து, அப்புறம் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து, கடைசியில் தண்டோடு மிஞ்சிய குற்றியை எடுக்கிறார்களா என்று பாருங்கள். மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் பட்டை தண்டோடு கிழிந்து வரும், அந்தப் புண் வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். தேக்கு, ஈட்டி, சந்தனம் என்றால் கைவைக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மின்கம்பி அருகில் இருக்கும் கிளையை எந்த மேஸ்திரி “நாங்க பாத்துக்கிடுவோம்” என்றாலும் விடாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான். மின்னகம் எண் 94987 94987, ராத்திரியும் எடுப்பார்கள். அறுந்த வயர் கிடந்தால் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துப் பக்கத்தில் போகவே கூடாது. மரம் வீட்டில் விழுந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. அகற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.வை வந்து பார்க்கச் சொல்லுங்கள், நாங்கள் அவசரத்தில் பாதியை அகற்றிவிட்டு அப்புறம் அலைந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரர் மரம் உங்கள் கூரைக்கு மேல் நின்று, சொல்லியும் கேட்காவிட்டால், சார் ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுக்கலாம். விழக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவர் என்ற முறையில் அவர்களுக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு.

சக்கை மரம் மட்டும்தான் இப்போது மிச்சம். இந்த முறை மரம் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிவந்து காட்டினோம். வெட்ட வேண்டாம், பட்ட கொப்பு இரண்டை மட்டும் எடுத்தால் போதும் என்றார். வடம் கட்டி இறக்க அரை நாள் ஆனது. அம்மா மாதம் ஒருமுறை கம்பியை எடுத்துக்கொண்டு போய் அதன் மூட்டில் குத்திப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார்.