கோட்டாவா, குலுக்கலா? பூட்டிய வீடுதான் பஞ்சாயத்து

குடிநீருக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று மதுரையில் வீடு வீடாகக் கேட்க வேண்டியிருந்தது, ஆய்வேட்டுக்காக. மாநகராட்சியில் 100 வார்டு. எல்லா வீட்டுக்கும் போக முடியாது, சாம்பிள்தான். கோட்டாவா, குலுக்கலா என்று வழிகாட்டியோடு ஒரு வாரம் மல்லுக்கட்டி, குலுக்கலுக்குப் போனேன். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

கோட்டா எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெண் இத்தனை, ஆண் இத்தனை, வாடகை வீடு இத்தனை என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, கிடைக்கிறவரைக் கேட்பது. எண்ணிக்கை நிரம்பினால் கிளம்பிவிடலாம். செலவும் குறைவு.

குலுக்கலில் எந்த வீடு என்பதைச் சீட்டுதான் முடிவு செய்யும், அதற்கு எல்லா வீடும் உள்ள பட்டியல் வேண்டும். வாக்காளர் பட்டியலில் காலி செய்து போனவர் இருப்பார், புதிதாகக் குடிவந்தவர் இருக்கமாட்டார். அதனால் நாங்களே தெருத்தெருவாக நடந்து நம்பர் போட்டோம். செல்லூரில் ஒரு காம்பவுண்டு. வெளியே ஒரே கதவெண். உள்ளே ஐந்து கரண்டு மீட்டரைப் பார்த்த பிறகுதான் ஐந்து குடித்தனம் என்று தெரிந்தது. சீட்டுக் குலுக்கி முதல் வீட்டை எடுத்து, அங்கிருந்து பன்னிரண்டு வீட்டுக்கு ஒன்று.

இனிதான் விஷயம். கோட்டாவில் வீடு பூட்டியிருந்தால் கவலையில்லை, பக்கத்து வீட்டைத் தட்டலாம். கோளாறே அங்கேதான். காலை பதினொரு மணிக்குக் கதவு திறந்திருக்கும் வீட்டில், குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்துவைக்க ஆள் இருக்கிறது. பூட்டிய வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். பிடிக்க ஆளில்லாமல் கேன் வாங்குவார்கள். நான் கேட்க வந்த செலவே பூட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது! ஆண், பெண் கணக்கை எவ்வளவு சரியாக நிரப்பினாலும் அது வராது. ஒரு வீட்டுக்கு மூன்றாவது தடவை ராத்திரி எட்டு மணிக்குப் போனேன். வாசலில் காலி கேன் மூன்று. "கேன் போடுற தம்பினு நெனச்சுல்ல கதவத் தொறந்தேன்" என்றார் அந்த அக்கா.

காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, ஞாயிறு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டோம். பெட்ரோல் காசு கையைக் கடித்தது, உண்மைதான்.

இந்தக் கோளாறு பழையதுதான். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் கருத்துக்கணிப்பு நடத்திய லிட்டரரி டைஜஸ்ட் இதழுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தும் கணிப்பு தவறியது. அதைவிடச் சிறிய சாம்பிளோடு கருத்துக்கணிப்பாளர் கேலப் சரியாகக் கணித்தார். அவர் நம்பியது கோட்டா. அதே கோட்டாவோடு 1948 அதிபர் தேர்தலில் ட்யூவி ஜெயிப்பார் என்றார், ஜெயித்தவர் ட்ரூமன். காரணம் பல, யாரைக் கேட்பது என்பதைக் கேட்கப் போகிறவர் இஷ்டத்துக்கு விட்டது அதில் ஒன்று.

உசிலம்பட்டிப் பக்கம் இரண்டு ஊர்தான் பார்த்தேன். அங்கே வீடு பூட்டியிருந்தால் எதிர்வீட்டு அப்பத்தாவே ஆள் எப்போது வரும் என்று சொல்லிவிடும். கோட்டாவே போதுமோ என்னவோ, அடித்துச் சொல்ல மாட்டேன். அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் மறித்தால் கோட்டாவும் குலுக்கலும் ஒன்றுதான். கேள்வித்தாளை வெள்ளோட்டம் பார்க்க மட்டும் என்றால் தாராளமாகக் கோட்டா போடலாம்.

மூன்று தடவை போயும் திறக்காத வீடுகளை நீக்காமல் அட்டவணையில் தனி வரிசையாகப் போட்டிருக்கிறேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும் என்கிறார் வழிகாட்டி.