ஸ்லீவ்: தண்ணீருக்கு முறைக்கும், ஜிகர்தண்டாவுக்கு வழிவிடும்

எடை குறைக்க இரைப்பைக்குள் பலூன் வைப்பதா, இரைப்பையை வெட்டிக் குழாயாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனா என்று கேட்பவர்களுக்குப் பலூனைப் பற்றி ஒரே வரிதான்: பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடுத்ததும் பசி பழைய முகத்தோடு வந்து நிற்கும். மீதி எல்லாம் ஸ்லீவ்.

இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர்தான் தொல்லை என்பதை முன்கூட்டி யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மிஞ்சிய குழாயில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் சேர்ந்து இடம் கிடையாது. சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி நேரமும் கூடாது. ஆரம்ப மாதங்களில் மடமடவென்று குடித்தால் நெஞ்சுக்குழியில் அடைத்து அப்படியே வெளியே வரும். நாளுக்கு 1.5 முதல் 2 லிட்டர் வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை 60 மில்லி என்று உறிஞ்சினால் 2 லிட்டருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு சிறுதீனி, அவற்றுக்கான காத்திருப்பு எல்லாம் போக, பகல் முழுக்கப் பாட்டிலும் கையுமாகத்தான் திரிய வேண்டும். கத்திரி வெயிலில் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

சிறுநீர் கருமஞ்சளாகி, எழுந்தால் கிறுகிறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி. பிரஷருக்கு நீர் மாத்திரை போடுபவர்கள் பழைய அளவையே தொடரக் கூடாது. சர்க்கரை மாத்திரை, இன்சுலினும் அப்படியே, டாக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். வாந்தி நாள்கணக்கில் நிற்காமல் போனால் தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஸ்லீவ் செய்தவர் என்று முதலில் சொல்லி, தயமின் என்கிற பி1 ஊசியைப் போட்ட பிறகுதான் குளுக்கோஸ். இல்லாவிட்டால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். மூளை வரை பாதிக்கும்.

இவ்வளவு கண்டிப்பான பை, ஒரு வருடம் கழித்து ஜிகர்தண்டாவைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிடும். கட்டியான கறி உள்ளே தங்கும், வயிறு நிறையும். பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் தங்காமல் வழுக்கிக்கொண்டு போகும். பரோட்டாவும் அதே ரகம்: வெறுமனே தின்றால் மாவு உருண்டையாகி அடைக்கும், சால்னாவில் ஊறினால் மூன்றாவதும் இறங்கும். இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலில் கீழே இணைக்கும் பைபாஸ் (இதய பைபாஸ் அல்ல) செய்த பலருக்கு இனிப்பு குடித்த அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு என்று தண்டனை கிடைத்துவிடும். ஸ்லீவில் அந்தப் போலீஸ் அவ்வளவாகக் கிடையாது. இழந்த எடை இரண்டாம் வருடத்துக்குப் பிறகு திரும்ப ஏறுவதில் இந்த வழுக்கலுக்கும் பங்கு உண்டு. ஆகவே தட்டில் முதலில் கறி, மீன், முட்டை, சோறு கடைசியில். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம்தான்.

மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். பி12, இரும்பு, கால்சியம் ஆயுளுக்கும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் பலமாக இருந்தால் ஸ்லீவை விட்டு பைபாஸ் பற்றிக் கேளுங்கள். ஸ்லீவ் அதைக் கூட்டும்.

இத்தனை திட்டிய பிறகும், சர்க்கரையும் குறட்டையும் மூட்டுவலியும் சேர்ந்து வாட்டுகிறவர்களைச் செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். தேதி மட்டும் சித்திரையில் வேண்டாம். அழகர் இறங்கும்போது பந்தலுக்குப் பந்தல் பானகத்தை நீட்டுவார்கள், வெயிலில் வேண்டாம் என்று சொல்ல நாக்கு வராது. ஐப்பசியில் வையுங்கள். தீபாவளி அதிரசம் போகும், போகட்டும்.