கத்தரிக்குப் பொறியும் ‘மூலிகை’ மருந்தும் இணையத்தில் வாங்கி 14,800 ரூபாய் போனது: தயவுசெய்து படியுங்கள்

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். இனக்கவர்ச்சிப் பொறி, புழு மருந்து என்று கைப்பேசியில் ஆர்டர் போடுகிற விவசாயிகள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். என்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு 14,800 ரூபாய் போய்விட்டது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்ற வேண்டிய காயும் போய்விட்டது.

விற்றது, விவசாய இடுபொருட்களைச் செயலி மூலம் வீட்டுக்கே அனுப்புகிற ஒரு நிறுவனம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

எனக்கு இரண்டு ஏக்கர் வரிக் கத்தரி. பூ எடுக்கும் நேரத்தில் குருத்துகள் தலை தொங்க ஆரம்பித்தன. வாடிய நுனியைக் கிள்ளி நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளிகிறது. தண்டு துளைப்பான். இதுவே பிறகு காய்க்குள் போகும். போய்விட்டால் துளையைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும், மேலே அடிக்கிற மருந்து எட்டாது. அதனால்தான் முட்டையிட்டுப் புழு வரும் முன்னே இதன் தாய்ப்பூச்சியான அந்துப்பூச்சியைப் பொறியில் பிடிக்க நினைத்தேன்.

அந்தச் செயலியில் பயிர் ஆலோசகரிடம் பேச ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். பேசிய பையன் என்ன ரகம், நட்டு எவ்வளவு காலம், நுனி வாடுகிறதா, செடியே வாடுகிறதா என்று வரிசையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: “அண்ணே, வாராவாரம் மருந்து அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். புழுவை அழிக்கிற குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறீர்கள்.” அந்தப் பேச்சில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. மருந்து விற்கிற இடத்தில் மருந்தை நிறுத்து என்று யார் சொல்கிறார்கள்? அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. உண்மையைச் சொல்லியே என் பையில் கைவைத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த அழைப்பிலேயே ஆர்டர் போட்டுவிட்டான். லூரோடு (பெண் அந்துவின் வாசனை ஏற்றிய கவர்ச்சிப் பொருள்) 40 பொறி 6,000 ரூபாய், ‘மூலிகைப் பூச்சிவிரட்டி’ எட்டு லிட்டர் 8,800 ரூபாய். ஆக 14,800, முழுவதும் முன்பணம். கண்காணிப்புக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டேருக்கு 12 பொறி. “இது ஆண் அந்துகளை மொத்தமாகப் பிடித்து அழிக்கிற முறை, அதனால் கூடுதலாக வேண்டும்” என்றான். அப்படியொரு முறையும் இருக்கத்தான் செய்கிறது.

பார்சல் வந்தது. லூர் இருந்த பளபளப்பான உறைகளில் எந்தப் பூச்சிக்கானது என்ற பெயரே இல்லை. நிறுவனத்தின் ஒட்டுத்தாள் மட்டும். அவர்கள் அனுப்பிய வீடியோவில் சொன்ன உயரத்திலேயே கட்டினேன்.

பொறியில் அந்து விழுந்தது. ஆனால் விழுந்ததெல்லாம் தடித்த உடம்பும் மங்கிய பழுப்பு நிறமுமாக இருந்தது. கத்தரி அந்து சிறியது, வெள்ளைச் சிறகில் பழுப்பும் இளஞ்சிவப்புமாகத் திட்டுகள் இருக்கும். அதில் ஒன்றுகூட விழவில்லை. வேளாண்மை அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தவுடனே “இது ஹெலிகோவெர்பா, பச்சைக் காய்ப்புழுவின் அந்து” என்றார். தக்காளியைத் துளைப்பது, துவரையிலும் கொண்டைக்கடலையிலும் காயைக் குடைவது. ஒவ்வோர் இனத்துக்கும் பெண் அந்துவின் வாசனை வேறு, அந்த வாசனைக்கு அந்த இனத்து ஆண்தான் வரும். ஆக, பக்கத்துத் தக்காளிக் காட்டு அந்துகளை நான் காசு கொடுத்து என் காட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்தேன். என் கத்தரியில் புழு தன் பாட்டுக்குக் காயைக் குடைந்துகொண்டிருந்தது.

பாட்டில் கதை இதைவிட மோசம். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடி எந்த மூலிகையின் நெடியும் இல்லை. அடித்த மறுநாள் காலை பொறிவண்டும் சிலந்தியும் இலைக்கடியில் செத்துக் கிடந்தன. குளவியைக் காப்பாற்றுங்கள் என்று உபதேசம் செய்தவர்கள் அனுப்பிய சரக்கு இது! உள்ளே இருப்பது என்ன நஞ்சு என்று தெரியாமல் எத்தனை நாள் கழித்துக் காய் பறிப்பது? நாலு வீட்டுக் குழந்தைகள் சாப்பிடுகிற காய். மாட்டுக்குப் போடவும் மனம் வரவில்லை. அந்தப் பறிப்பு முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தோம்.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் “பொறியை உயரம் மாற்றிக் கட்டியிருப்பீர்கள்” என்றார்கள். படம் அனுப்பினேன். “சீதோஷ்ணம் சரியில்லை” என்றார்கள். செத்த அந்துவைப் படம் பிடித்து அனுப்பினேன். “புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரத்தில் அழைப்போம்” என்றார்கள். அழைக்கவே இல்லை. மறுபடி கூப்பிட்டால் வேறொரு பெண் முதலிலிருந்து கதை கேட்கிறார். முடிவில் “உறை பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்” என்று வைத்துவிட்டார். உறையைப் பிரிக்காமல் லூரை எப்படித் தொங்கவிடுவது? அண்ணே அண்ணே என்று பேசிய பையனின் எண் இப்போது எடுக்கப்படுவதில்லை. செயலியில் நான் எழுதிய கருத்தையும் நீக்கிவிட்டார்கள். 14,800 ரூபாய்க்கு அவர்கள் தர முன்வந்தது, அடுத்த ஆர்டருக்கு 200 ரூபாய் தள்ளுபடி.

அவரைக்காய் பயிரிட்டிருக்கும் என் மைத்துனருக்கும் இதே பெயரில்லாத உறையைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாப் பயிருக்கும் ஒரே லூர்!

கவனிக்க வேண்டியதை விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனம் ஓடவில்லை. லூர் உறையில் பூச்சியின் பெயரும் காலாவதித் தேதியும் இல்லையென்றால் வாங்காதீர்கள். கத்தரிக்கு, தண்டு துளைப்பானின் அறிவியல் பெயரான லியூசினோடஸ் என்று இருக்க வேண்டும். பூச்சிமருந்து பாட்டிலில் பதிவு எண், தொகுதி எண், சாய்சதுர நச்சுக் குறி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘மூலிகை’ என்று பெரிதாகப் போட்டு இவை எதுவும் இல்லாததைத் தொடாதீர்கள். ரசீது இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். வாடிய நுனிகளை வாராவாரம் கிள்ளி எரித்துவிடுங்கள், அதற்குச் செலவில்லை.

1915 எண்ணில் நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். பிரிக்காத பாட்டில்கள் மூன்றை வேளாண்மை அலுவலகத்தில் காட்டியிருக்கிறேன். இதே நிறுவனத்திடம் ஏமாந்தவர்கள் ரசீதையும் உறையின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.