பழைய ஆம்ப்ளிஃபையரைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறீர்களா? என் 18,500 ரூபாயின் கதையைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்

நேற்று சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. இரவு தூங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு மராண்ட்ஸ் 2230 ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக உள்ள செட், இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் வந்த மாடல், சேனலுக்கு 30 வாட். பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தது. அப்போது மெட்ராஸில் எஃப்எம் கிடையாது. 1977-இல் வானொலி நிலையம் எஃப்எம்மைத் தொடங்கிய பிறகுதான் டயலின் பாதிக்கு வேலை வந்தது என்று அப்பா சொல்வார். சென்ற ஆண்டு இடது பக்கம் ஊமையாகிவிட்டது. வலது பக்கத்தில் ஓயாத இரைச்சல்.

பழைய ஆடியோ கருவிகளைப் புதுப்பித்து, அதை வீடியோ எடுத்துப் போடுகிற ஒருவரை இணையத்தில் பிடித்தேன். வடபழனிப் பக்கம் ஒரு மாடி அறை. பெயரைச் சொல்லப்போவதில்லை.

நான் ஏமாந்த இடம் எதுவென்று எனக்கே நன்றாகத் தெரியும். செட்டை மேசையில் வைத்ததும் அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. டியூனிங் சக்கரத்தை ஒரே விரலால் சுண்டிவிட்டார். முள் டயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழுக்கிக்கொண்டு போனது. “இந்த வழுக்கலைக் கேளுங்கள் சார், இன்றைக்கு எவன் இப்படிச் செய்கிறான்?” என்றார். அப்பா அப்படித்தான் சுண்டுவார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றி, 85 டிகிரி சூடு தாங்குவது இருந்த இடத்தில் 105 டிகிரி தாங்குவதைப் போட்டு, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களையும் ஜோடி பார்த்து மாற்ற 18,500 ரூபாய் என்றார். மொத்தத்தையும் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்க வாய் வரவில்லை. மரப்பெட்டியைத் தனியாகக் கழற்றி, “பாலிஷ் என் அன்பளிப்பு” என்று வேறு சொன்னார்.

இது நவம்பர் கடைசியில்.

டிசம்பரில் கேட்டால், “மார்கழி சீசன் சார், சபாக்களின் மைக் செட் வேலை தலைக்கு மேல் இருக்கிறது.” பொங்கல் கழித்துக் கேட்டால், பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்து சுங்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. பிப்ரவரியில் மாமனாருக்கு உடம்பு சரியில்லை. மார்ச்சில் போனை எடுக்கவே இல்லை. நேரில் போனால் ஒரு பையன் கதவைப் பாதி திறந்து, “அண்ணன் வெளியே போயிருக்கிறார்” என்பான். உள்ளே அண்ணனின் இருமல் கேட்கும்.

ஏப்ரலில் செட் வந்தது. டயலில் பழைய பல்பின் மங்கிய நீலம் போய், செல்போன் கடை வாசலில் தொங்கும் எல்இடி போல ஒரு நீலம். பதினோரு நாள் பாடியது. பன்னிரண்டாம் நாள் புகை.

நேற்று எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து, போர்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். “ஈயத்தைப் பாருங்கள் தம்பி, ஐம்பது வருஷத்து ஈயம். இதில் யாரும் கை வைக்கவே இல்லை.” கெப்பாசிட்டர்களில் மாற்றியிருந்தது பெரியவை இரண்டு மட்டும். ஒன்றைக் கழற்றி வாளால் அறுத்தார். பெரிய உறைக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர், சுற்றிலும் பசை. பிறகு பஞ்சில் அசிட்டோனைத் தொட்டு அவுட்புட் டிரான்சிஸ்டரின் தலையில் தேய்த்தார். ஜப்பான் கம்பெனியின் பெயர் கறுப்பாகப் பஞ்சில் வந்துவிட்டது. அடியில் வேறு பெயரைச் சுரண்டிய தடம். அசல் டிரான்சிஸ்டர்கள் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. திருட்டு என்பதற்கு வேறு சொல் எனக்குத் தெரியாது.

18,500 ரூபாய். என் மகளின் ஒரு பருவப் பள்ளிக் கட்டணம் அது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து உள்ளே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள், தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கம் வேண்டாம். வீடியோவைப் பார்த்து ஆளை நம்பாதீர்கள். வீடியோவில் எல்லா செட்டும் பாடும். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்றைக்குத்தான் பேசப்போகிறேன். ரசீது இல்லாமல் எதைக் காட்டுவது என்பதுதான் கவலை.

மரப்பெட்டி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இன்று காலை வேறு எண்ணிலிருந்து அழைத்தேன், எடுத்தார். பாலிஷ் இன்னும் காயவில்லையாம். சென்னையில், மே மாதத்தில்.