முழு விவிலியமா, ஒரு நற்செய்தியா, தினம் சில புள்ளிகளா?

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் நெருங்கும்போது, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு கேள்வி சுற்றி வரும்: "இந்தத் தவக்காலத்துக்கு என்ன எடுத்திருக்கீங்க?" கறி, மீன் விடுகிறவர்கள்தான் அதிகம். அதைத் தாண்டி ஆன்மீக வாழ்வில் ஓர் அடி முன்னே வைக்க விரும்புகிறவர்களுக்கு, எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மூன்று யோசனைகள் அடிக்கடி காதில் விழும். மூன்றும் எங்கள் வீட்டில் செய்து பார்த்தவை.

முதலாவது, ஒரே ஆண்டில் முழு விவிலியம். 73 நூல்கள், நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம். என் கணவருக்கு இது நன்றாகப் பொருந்திவிட்டது. ஓசூரில் ஷிப்ட் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால், சூளகிரி வருவதற்குள் அன்றைய அதிகாரங்களை ஹெட்போனில் கேட்டு முடித்துவிடுவார். ஞாயிறு பூசையில் முதல் வாசகம் எரேமியாவிலிருந்து வந்தால், அது பாபிலோனுக்கு நாடு கடத்தப்படுவதற்கு முன்பா பின்பா என்று அவருக்குச் சட்டென்று தெரிகிறது. முழுதாகப் படிப்பதில் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான்.

எனக்கு அது ஒத்துவரவில்லை. தொடக்க நூலும் விடுதலைப் பயணமும் கதை மாதிரி ஓடின. ஜனவரி கடைசி வாரம் லேவியர் வந்தது: பலிகள், தீட்டு, தொழுநோய்ச் சட்டங்கள். ஒரு நாள் விட்டால் மறுநாளுக்கு ஏழெட்டு அதிகாரம் சேர்ந்துவிடும். நான்கு நாள் விட்ட பிறகு, கடன் கொடுத்தவர் வீட்டுத் தெருவைத் தவிர்ப்பதுபோல விவிலியம் இருந்த அலமாரிப் பக்கமே போகாமல் இருந்தேன்.

இரண்டாவது, ஒரு நற்செய்தியை மட்டும் மெதுவாகப் படிப்பது. வாசி, சிந்தி, மன்றாடு, பிறகு பேசாமல் அவர் முன் இரு என்று இதற்கு நான்கு படிகளை 12ஆம் நூற்றாண்டிலேயே கார்த்தூசியர் என்ற துறவு சபையைச் சேர்ந்த இரண்டாம் கீகோ எழுதி வைத்தார். மாற்கு 16 அதிகாரம்தான். பத்தாம் அதிகாரத்தில் பார்வையற்ற பர்த்திமேயு மேலுடையை எறிந்துவிட்டு எழுந்து ஓடுகிறார். பிச்சைக்காரருக்கு இரவில் போர்த்திக்கொள்ள அது ஒன்றுதானே இருந்திருக்கும்! அந்த ஒரு வரியில் மூன்று நாள் நின்றேன். "உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று இயேசு அவரிடம் கேட்பது, என்னையே கேட்பதுபோல இருந்தது. ஒரு குறை: பிடித்த வசனத்திலேயே உட்கார்ந்துவிடுவோம், சுடுகிற வசனத்தைத் தாண்டிவிடுவோம்.

மூன்றாவதுதான் என்னை மாற்றியது. இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் சொல்லித்தந்த தனிப்பட்ட ஆன்ம சோதனை. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் அதை நினைத்து உறுதி எடுப்பது. தவறும்போதெல்லாம் நெஞ்சில் கை வைப்பது. மதியமும் இரவும் எண்ணிப் பார்த்து ஒரு கோட்டில் அத்தனை புள்ளி வைப்பது. அப்புறம் நாளை நாளோடும் வாரத்தை வாரத்தோடும் ஒப்பிடுவது.

நான் எடுத்தது மகனிடம் கத்துவதை. அடுப்பங்கரை மாதக் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்தேன். இரண்டாம் வாரம் அத்தை பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, பால் கணக்கா?"

"இல்லத்தை, பையன்கிட்ட நான் கத்தின கணக்கு."

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நேத்து ரெண்டுதான் போட்டிருக்க. ஸ்கூலுக்குக் கிளம்புறப்போ ஒண்ணு கத்தினியே."

அது எனக்கு ஞாபகமே இல்லை. மூன்றாவது புள்ளியையும் வைத்தேன். மாதம் முடிவதற்குள் ஒன்று புரிந்தது: பெரும்பாலான புள்ளிகள் மாலை ஏழு மணியைச் சுற்றியே விழுந்தன. வேலை முடிந்து, பசியோடு, வீட்டுப்பாடத்தின் முன் உட்காரும் நேரம். இப்போது வந்ததும் நான் ஒரு தம்ளர் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுத்தான் அவனை நோட்டைத் திறக்கச் சொல்கிறேன். முன்பு, குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் "கோபப்பட்டேன் சாமி" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு வருவேன். இப்போது யாரிடம், எப்போது, எதற்கு என்று சொல்ல முடிகிறது.

ஆனாலும் இதை எல்லோருக்கும் சொல்லமாட்டேன். சின்னத் தவறுக்கும் மனம் குமைகிறவர்கள் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்தே நொறுங்கிவிடுவார்கள். இஞ்ஞாசியாரே ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் பாவ அச்சத்தில் சிக்கி, உயிரையே விட்டுவிடலாமா என்ற எல்லை வரை போனவர். பின்னாளில் அவர் வகுத்த, ஒரு குறையை மட்டும் பார்க்காமல் நாள் முழுவதையும் திரும்பிப் பார்க்கும் பொது ஆன்ம சோதனை கடவுளுக்கு நன்றி சொல்வதில்தான் தொடங்குகிறது. அப்படிப்பட்டவர்கள் அந்த நன்றியோடு ஆரம்பித்து, பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு மேலே போவது நல்லது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஜெபமாலை போதும். அத்தை அப்படித்தான், ஒரு நாளும் தவறியதில்லை.

படித்து வேர்பிடிக்க விரும்பும் புதியவருக்கு முதல் வழி. வேலை நெருக்கடியில் ஜெபமே வறண்டுபோனவருக்கு இரண்டாவது. "நான் இப்படித்தான்" என்று ஒரே குறையோடு பல வருடம் ஓட்டியவருக்கு மூன்றாவது. மூன்றையும் சேர்த்து எடுத்தால் இரண்டாம் வாரமே மூச்சு வாங்கும். இந்தத் தவக்காலத்துக்கு நான் புள்ளியைத்தான் வைத்திருக்கிறேன். குறை மட்டும் வேறு: தங்கச்சியிடம் இரண்டு வருடமாகப் போனில் பேசாதது.